பிம்போ என்று சொல்லலாம், ஹின்கோன் என்று சொல்ல மாட்டார்கள்

ஜப்பானிய மொழி படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இதுதான்: பாடப்புத்தகத்தைத் திறந்தால் ஏழ்மையைப் பற்றிய பழமொழியாக வருகிறது, அவ்வளவு பணக்கார நாட்டுக்கு இத்தனை எதற்கு, இன்றைக்கும் யாராவது இவற்றைப் பேசுகிறார்களா, எதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டும் தானாக அதற்குள் வந்துவிடும். ஏழ்மைக்கு அங்கே சொற்கள் நிறைய, ஆனால் முதலில் இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று பிம்போ, இன்னொன்று ஹின்கோன். இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றேதான்: மேலே ‘பிரி’ என்று பொருள்படும் குறி, கீழே சிப்பி. பழைய சீனாவில் சோழிதான் காசு, அதனால் சிப்பிக் குறி உள்ள எழுத்து பலவும் பணம் சம்பந்தப்பட்டவை. காசு பிரிந்து பிரிந்து போனால் ஏழ்மை, அவ்வளவுதான். ஒரே எழுத்து என்றாலும் இரண்டு சொற்களின் வாழ்க்கை வேறு வேறு. பிம்போ என்பது வீட்டிலும் கடைத்தெருவிலும் புழங்கும் சொல், தன்னைப் பற்றித் தானே சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஹின்கோன் என்பது செய்தித்தாளும் அரசாங்க அறிக்கையும் பேசும் சொல். "நான் பிம்போ" என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். "நான் ஹின்கோனில் இருக்கிறேன்" என்று தன் வாயால் சொல்பவரைக் காண்பது அரிது. பழமொழிகள் பெரும்பாலும் முதல் சொல்லின் பக்கம் நிற்பவை, அதனால்தான் அவற்றில் இவ்வளவு கேலி. நிஜமாகவே சோற்றுக்கு இல்லாதவன் வாய்திறக்க முடியாமல் போவதற்கும் இந்தக் கேலிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் கட்சி. கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

நீங்கள் அடிக்கடி கேட்கப்போவது "பிம்போ ஹிமா நாஷி". ஏழைக்கு ஓய்வில்லை என்று பொருள். வேலைக்காக ஜப்பானியரோடு பழகுகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்டிருப்பார்கள். "என்ன சார், ரொம்ப வேலையா?" என்று தொழிற்சாலை மேலாளரைக் கேட்டால், நல்ல சம்பளம் வாங்குகிற மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு இதைச் சொல்வார். அவர் ஏழை இல்லை என்று அவருக்கும் தெரியும் நமக்கும் தெரியும். ‘நான் பெரிய ஆள், அதனால் எனக்கு வேலை அதிகம்’ என்று தொனித்துவிடக் கூடாதே என்ற அடக்கம்தான் அது. ஆனால் இதையே நீங்கள் அவரைப் பார்த்து, "ஆமாம், பிம்போ ஹிமா நாஷிதானே" என்று சொன்னீர்களோ, போச்சு. தனக்குத்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், அடுத்தவனுக்குச் சொல்லக் கூடாது. இந்த ஒரு விதி கிட்டத்தட்ட எல்லா பிம்போ வழக்குகளுக்கும் பொருந்தும்.

இந்தப் பழமொழி குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருப்பதற்குக் காரணம் இரோஹா கருத்தா என்ற சீட்டு விளையாட்டு. புத்தாண்டு விடுமுறையில் வீடுகளில் விளையாடுவது பழைய வழக்கம். அகரவரிசையில் எழுத்துக்கு ஒரு பழமொழி, பழமொழிக்கு ஒரு படம், ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பாய்ந்து படத்தை எடுக்க வேண்டும். எதோ (Edo) என்ற பழைய நகரத்தின், அதாவது இன்றைய டோக்கியோவின், சீட்டுக்கட்டில் ‘ஹி’ எழுத்துக்கு வருவது இந்த பிம்போ ஹிமா நாஷி. மலிவாக வாங்கினால் காசுக்குக் கேடு என்பதும் அதே கட்டில் உண்டு. கியோத்தோ, ஒசாகா பக்கத்துக் கட்டு வேறு. அதில் ‘ஃபு’ எழுத்துக்கு வருகிறவர் ஒரு சாமுராய்: "புஷி வா குவனெதோ தக்காயோஜி". சாமுராய் சாப்பிடாவிட்டாலும், சாப்பிட்டு முடித்தவன் போலப் பல்குச்சியைப் பெருமையாகக் கடித்துக்கொண்டு நடப்பான்.

இதைப் பாடப்புத்தகங்கள் தன்மானத்தின் புகழ்ச்சியாக எழுதிவிடுகின்றன. பாதி உண்மை. மீதிப் பாதி நக்கல், அதுவும் வணிகர் ஊரான ஒசாகா பக்கத்துக் கட்டில் இது இருப்பது எனக்கு ரொம்பப் பொருத்தமாகத் தோன்றும். காசு வைத்திருந்தவன் வணிகன், வாள் வைத்திருந்தவன் சாமுராய், அந்த வாள்காரன் அந்தக் காசுக்காரனிடம் கடன்பட்டிருந்தான் என்பதுதான் எதோ காலத்தின், அதாவது அந்த நகரத்திலிருந்து ஷோகுன்கள் ஆண்ட 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையான காலத்தின், நிஜக் கதை. சாமுராயின் சம்பளம் அரிசியாக, தலைமுறை தலைமுறையாக ஒரே அளவாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் மற்ற பொருள்களின் விலை ஏற, அரிசி விலை அதற்கு ஈடுகொடுக்கவில்லை. அரசாங்கக் களஞ்சியங்கள் இருந்த அசாகுசா குராமாயேயில் ஃபுதாசாஷி என்ற தரகர்கள் சாமுராய்க்காக அரிசியை வாங்கி விற்றுக் காசாக்கித் தருவார்கள், அப்புறம் வரப்போகிற ஆண்டுகளின் அரிசியை அடகாக வைத்துக் கடனும் தருவார்கள். கடன் ஏறிக்கொண்டே போக, 1789-இல் ஷோகுன் அரசின் தலைமை அமைச்சர் மட்சுதைரா சதானோபுவின் ஆட்சி ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய கடன்களை ஒரே உத்தரவில் தள்ளுபடி செய்தது. தரகர்கள் இழந்தது சுமார் 12 லட்சம் ரியோ (அன்றைய பொற்காசு). நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு தரகர்கள் புதுக் கடன் கொடுக்க மறுத்துவிட்டார்கள், பல்குச்சிக்காரர்களின் பாடு இன்னும் திண்டாட்டமானது.

கீழ்மட்டச் சாமுராய் என்ன செய்தான்? வீட்டோடு கைத்தொழில். குடைக்குக் காகிதம் ஒட்டினான், தங்கமீன் வளர்த்தான், ஒக்காச்சிமாச்சி பக்கம் காலைமலர்க் கொடியை விதவிதமாக வளர்த்து விற்றான். ஒகுபோவில் குடியிருந்த துப்பாக்கிப் படையினர் அசேலியா செடி வளர்ப்பில் பேர்போனவர்கள். அந்த நூறு பேர் கொண்ட படையின் பெயரால்தான் இன்றும் ஷின் ஒகுபோ ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிக்கு ஹியக்குனின்சோ, நூற்றுவர் பேட்டை, என்று பெயர். வாளை இடுப்பில் செருகிக்கொண்டு பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றியவனின் வாயில் அந்தப் பல்குச்சியை வைத்துப் பாருங்கள், பழமொழியின் சுவை புரியும்.

நகரத்து ஏழைகளுக்கு அந்தப் பாசாங்கு வேண்டியிருக்கவில்லை. நகாயா என்ற வரிசைக் குடியிருப்புகளில் இருந்தார்கள். மிகச் சின்ன அறை சுமார் 2.7 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் ஆழம், அதற்குள்ளேயே வாசலும் அடுப்பும். கக்கூசும் கிணறும் பொது. தச்சனும் கூடைக்காரனும் தினக்கூலி. "யோயிகோஷி நோ ஜெனி வா மொத்தானு", அதாவது இன்றைய காசை ராத்திரி தாண்டி வைத்திருக்க மாட்டேன் என்பது எதோக்காரனின் மார்தட்டல். எதோ அடிக்கடி எரிந்த ஊர். 1657 தீயில் நகரத்தின் பெரும்பகுதி போனது. சேர்த்து வைத்தவனுக்கும் சேர்க்காதவனுக்கும் ஒரே சாம்பல், எரிந்த மறுநாள் தச்சனுக்குக் கூலி ஏறும். இப்படிப்பட்ட ஊரில் சேமிக்காதே என்பது வெட்டிப் பெருமை இல்லை, ஓரளவு கணக்கும்தான். (சேமிக்க முடியாதவன் அதையே கொள்கையாக அறிவித்துவிட்டான் என்றும் சொல்லலாம். நான் அந்தக் கட்சி.)

இந்த நகாயா சிரிப்பை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் ராக்குகோ கேளுங்கள், ஒற்றைக் கதைசொல்லி மெத்தையில் உட்கார்ந்தபடி எல்லாக் குரலும் பேசும் கலை. ‘நகாயாவின் பூப்பார்ப்பு’ என்ற கதையில் வீட்டுக்காரர் குடியிருப்போரைக் கூப்பிடுகிறார். வாடகை பாக்கி கேட்கப்போகிறார் என்று எல்லாரும் நடுங்க, அவர் சொல்வதோ, ஊரே நம்மை பிம்போ நகாயா என்கிறது, செர்ரிப் பூப் பார்க்க உவேனோ போவோம், தரித்திரம் தொலையட்டும் என்று. சாக்கே மது? தண்ணீர் கலந்த மட்டத் தேயிலைச் சாயம். மீன் கேக்? பிறை பிறையாக நறுக்கிய வெள்ளை முள்ளங்கி. முட்டைப் பொரியல்? மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய். பூவின் கீழே சாக்குப் பாய் விரித்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர், யாராவது போதையாகுங்களப்பா என்று கெஞ்சுகிறார். மீன் கேக் கேட்டு வாங்கியவன், எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், தினமும் காலையில் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில் போட்டுக்கொள்வேன், இலையை நறுக்கி ஊறுகாய் போடுவேன் என்கிறான். இன்னொருவன், பல் சரியில்லை, முட்டைப் பொரியலில் கடக்முடக்கென்று கடிக்காத துண்டாகப் பார்த்துக் கொடுங்கள் என்கிறான். மது எந்த ஊர்ச் சரக்கு, நாதாவா என்றால், இல்லை, உஜி. நாதா சாக்கேக்குப் பேர்போன ஊர், உஜி தேயிலைக்கு. கடைசியில் ஒருவன் கோப்பையைப் பார்த்துவிட்டு, ஐயா, நம் குடியிருப்புக்கு நல்லது நடக்கப்போகிறது, மதுவில் தண்டு நிமிர்ந்து நிற்கிறது என்கிறான். தேநீரில் தேயிலைக் காம்பு நேராக மிதந்தால் அதிர்ஷ்டம் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒசாகா பக்கத்தில் இதே கதைக்குப் பெயர் ‘பிம்போ பூப்பார்ப்பு’. கூட்டமாக இல்லாமையில் இருந்தவர்களின் சிரிப்பு இது. இந்தக் ‘கூட்டமாக’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தரித்திரத்துக்கு ஒரு சாமியே உண்டு, பிம்போகாமி. நம் மூதேவியைப் போலத்தான், ஆனால் ஆண். ஒல்லிக் கிழவன், அழுக்கு உடை, கையில் கிழிந்த விசிறி. சோம்பேறி வீட்டில் குடியேறுவான். சுட்ட மிசோவின் வாசனை என்றால் உயிர். ஒசாகாவின் வணிகப் பகுதியான செம்பாவில் மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை மிசோவைச் சுட்டுத் தட்டில் ஏந்தி ஒவ்வோர் அறையாகக் கொண்டுபோவாராம். வாசனைக்குக் கிழவன் இறங்கி வந்ததும் மிசோவைச் சட்டென்று இரண்டாக மடித்து அவனை உள்ளே அடைத்து ஆற்றில் விட்டுவிட வேண்டும். திரும்பி வருகிறவர் தன்மேல் ஒட்டிய வாசனையையும் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் கிழவனும் கூடவே வந்துவிடுவான். கணக்குப்பிள்ளையின் கணக்கு எவ்வளவு சுத்தம் பாருங்கள்.

விரட்டாமல் கும்பிட்டவனும் உண்டு. 1688-இல் இஹாரா சைகாக்கு எழுதிய ஒரு கதையில், எவ்வளவு உழைத்தும் முன்னேறாத கியோத்தோ சாயக்காரன் ஒருவன், எல்லாரும் அதிர்ஷ்ட தேவதையைத்தானே கும்பிடுகிறார்கள் என்று புத்தாண்டுக்கு பிம்போகாமியையே வைக்கோல் பொம்மையாகச் செய்து பூசை செய்கிறான். இதுவரை யாருமே மரியாதை செய்யாத சாமிக்கு மனசு நெகிழ்ந்து, கனவில் வந்து ஒரு குறிப்புக் கொடுக்கிறான். சாயக்காரன் விலையுயர்ந்த செஞ்சாயத்துக்கு ஈடான மலிவுச் சாயத்தைக் கண்டுபிடித்துப் பணக்காரனாகிறான். இன்றைய பிள்ளைகளுக்கு பிம்போகாமி அறிமுகமாவது 1988-இல் வந்த மொமொத்தாரோ தென்தெட்சு என்ற ரயில் வீடியோ கேம் வழியாக. யாராவது இலக்கான ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும், அந்த ஊருக்கு வெகுதூரத்தில் மாட்டிக்கொண்டவரின் முதுகில் ஏறிக்கொண்டு, வேண்டாத சரக்கை வாங்குவதும் சொத்தை அடிமாட்டு விலைக்கு விற்பதுமாக உயிரை எடுப்பான். ஜப்பானிய நண்பரோடு ஒரு தடவை விளையாடிப் பாருங்கள், நட்புக்கு நான் உத்தரவாதம் இல்லை.

பிம்போ ஒட்டிய சொற்கள் வேறு ஏராளம். உட்கார்ந்தபடி காலை ஆட்டிக்கொண்டே இருப்பது பிம்போ யுசுரி, ஏழ்மை ஆட்டம். நம் வீடுகளிலும் காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று பாட்டிமார் திட்டுவார்கள் அல்லவா, அதேதான். இப்போது அங்கே இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குச் சில டாக்டர்களே இந்த ஆட்டத்தைப் பரிந்துரைக்கிறார்கள். யாருக்கும் வேண்டாத வேலை தன் தலையில் விழுந்தால் பிம்போ குஜி, ஏழ்மைச் சீட்டு எடுத்துவிட்டேன் என்பார்கள். எவ்வளவு காசு இருந்தாலும் பிளாஸ்டிக் பையைக்கூட மடித்து வைக்கிறவர், சும்மா உட்காரத் தெரியாதவர் பிம்போஷோ. எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்து எதிலும் பேர் வாங்காதவர் கியோ பிம்போ. விளைச்சல் அமோகமாகி விலை விழுந்தால் அது ஹோசாக்கு பிம்போ, அதாவது அமோக விளைச்சல் தந்த ஏழ்மை. நல்ல முட்டைக்கோஸை டிராக்டர் ஏற்றி வயலிலேயே நசுக்குவதைச் செய்தியில் காட்டும்போதெல்லாம் இந்தச் சொல் வரும். தக்காளியைச் சாலையில் கொட்டிப் பார்த்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. வெறுமனே முளைக்கும் ஹருஜியோன் என்ற வெள்ளைப் பூச்செடிக்கு பிம்போ புல் என்று பெயர், பறித்தால் ஏழையாவாய் என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்ளும். அலங்காரச் செடியாக வந்து களையாகப் போன செடி அது.

காசில்லை என்பதைச் சொல்ல பிம்போவே வேண்டாம் என்கிற வழக்குகளும் உண்டு. வீட்டுக் கணக்கு ‘ஹி நோ குருமா’ என்றால் தீ வண்டி, பாவிகளை நரகத்துக்கு ஏற்றிப்போக வரும் பௌத்தப் புராணத்து வண்டி. கடனில் மூழ்கினால் ‘குபி கா மவராநாய்’, கழுத்து திரும்பவில்லை. பர்ஸ் காலி என்றால் ‘ஃபுத்தோகோரோ கா சமுய்’, மடி குளிர்கிறது. உதவி கேட்டு வந்தவரிடம் கையை விரிக்க ‘நாய் சோதே வா ஃபுரேனு’, இல்லாத கைப்பகுதியை ஆட்ட முடியாது. கிமோனோவின் அகன்ற கைக்குள்தான் காசு வைப்பார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கி ஓட்டும் கம்பெனிக்கு ‘ஜிதென்ஷா சோக்யோ’, சைக்கிள் வியாபாரம், மிதிப்பதை நிறுத்தினால் விழும். இது இன்றும் பொருளாதாரப் பக்கங்களில் சர்வசாதாரணம். எனக்குப் பிடித்தது ‘இச்சிரோக்கு கின்கோ’, ஒன்று ஆறு வங்கி. ஒன்றும் ஆறும் ஏழு, ஏழு என்றால் ‘ஷிச்சி’, அடகுக்கும் ‘ஷிச்சி’. ஆக, அடகுக்கடை. மெய்ஜி கால (1868-1912) மாணவர் குறும்பு, இப்போது வயதானவர்கள்தான் சொல்வார்கள். சூதில் எல்லாம் தோற்றவன் ‘ஒக்கேரா’, அதாவது பிள்ளைப்பூச்சி. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்பது கைதூக்கிச் சரணடைந்தவன் மாதிரி இருக்குமாம். குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து தோற்றவர்கள் பஸ்ஸுக்கும் காசில்லாமல் ரயிலடிக்கு நடந்து போகும் வழிக்கு ஒக்கேரா சாலை என்றே பெயர்.

சரி, சிரிப்பு இதுவரை. சிரிக்காத பழமொழிகளும் உண்டு, அவற்றைப் பாடப்புத்தகம் ஓரமாக வைத்துவிடும். "ஹின் சுரேபா தோன் சுரு", ஏழ்மை வந்தால் புத்தி மழுங்கும். மனித உடம்புக்கு நானூற்று நான்கு நோய், அத்தனையையும்விட ஏழ்மை கொடியது என்பது இன்னொன்று. ‘குச்சிபெராஷி’ என்ற சொல்லைக் கேளுங்கள், வாய்களைக் குறைத்தல். வீட்டில் உண்ணும் வாய் குறைய வேண்டுமென்று பிள்ளையை வேலைக்காரனாக, கைக்குழந்தை பார்ப்பவளாக அனுப்பிவிடுவது. அதற்கு அடுத்த படி ‘மியுரி’, ஆளையே விற்பது. 1934-இல் வடகிழக்கு ஜப்பானில் குளிரால் நெல் பொய்த்தபோது யமகாத்தா மாநிலத்தின் இசாசாவா கிராமத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: மகளை விற்கும் நிலை வந்தால் இந்த ஆலோசனை நிலையத்துக்கு வாருங்கள். அந்த அறிவிப்பின் புகைப்படம் இன்றும் வரலாற்றுப் புத்தகங்களில் வருகிறது. பணக்கார நாட்டுக்கு இத்தனை பழமொழி எதற்கு என்று கேட்டீர்களே, இது நடந்து இன்னும் நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

ரொம்பப் பின்னால் போனால் எட்டாம் நூற்றாண்டில் யமனோயே நோ ஒக்குரா இருக்கிறார், இன்றைய ஃபுக்குவோக்கா பக்கத்தில் ஆளுநராக இருந்த கவிஞர். இரண்டு ஏழைகள் பேசிக்கொள்வதாக ஒரு கவிதை எழுதினார். மழையும் பனியும் கலந்து கொட்டும் இரவு, முதல் ஏழை உப்புக்கட்டியை நக்கிக்கொண்டு, சாக்கே பிழிந்த சக்கையை வெந்நீரில் கரைத்துக் குடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு, நாலே முடி உள்ள தாடியைத் தடவி, என்னைவிட்டால் மனிதன் யார் என்று பெருமையும் அடித்துக்கொண்டு, என்னைவிட ஏழை இந்தக் குளிரில் என்ன செய்வான் என்று கேட்கிறான். இரண்டாமவன் பதில் சொல்கிறான். சரிந்த குடிசை, வெறுந்தரையில் வைக்கோல், தலைமாட்டில் அப்பா அம்மா, கால்மாட்டில் மனைவி மக்கள். அடுப்பில் புகையில்லை, சோறு வேகும் பானையில் சிலந்தி வலை. இதைப் படிக்கும் தமிழனுக்கு, அடுப்பில் காளான் பூத்த அந்தப் புறநானூற்று வீடு ஞாபகம் வராமல் போகாது. அதற்குமேல்தான் அடி விழுகிறது. படுத்திருக்கும் இடத்துக்கே ஊர்த்தலைவன் பிரம்போடு வந்து வரி கேட்டுக் கத்துகிறான். கவிதை எழுதியவரே வரி வசூலிக்கும் அரசாங்கத்தின் ஆள் என்பதை மறக்க வேண்டாம்.

சொல்லை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணமும் சொல்லிவிடுகிறேன். எதோ கால ஆவணங்களில் ‘மிசுனோமி’ என்று ஒரு வகைக் குடிகள் உண்டு, தண்ணீர் குடிப்பவர்கள், அதாவது சோற்றுக்கில்லாமல் தண்ணீர் குடித்தவர்கள் என்று காலங்காலமாக விளக்கம். வரலாற்றாசிரியர் அமினோ யோஷிஹிகோ நோத்தோ தீபகற்பத்து ஆவணங்களைத் தோண்டியபோது, அப்படி வகைப்படுத்தப்பட்ட ஒரு குடும்பம் கப்பல் வைத்து வியாபாரம் செய்த பெரும் பணக்காரக் குடும்பமாக இருந்தது. வரி போடத்தக்க நிலம் இல்லாதவன் என்பதுதான் அந்த வகையின் பொருள். அந்தத் தீபகற்பத்து வஜிமா ஊரின் அரக்குத் தொழிலாளிக்கும் கப்பல்காரனுக்கும் நிலம் எதற்கு?

இப்போது, உழைப்பைப் பற்றிய பழமொழிக்கு வருவோம். "கசேகு நி ஒயிட்சுகு பிம்போ நாஷி", உழைக்கிறவனை ஏழ்மை எட்டிப்பிடிக்காது. கேட்க நன்றாக இருக்கிறது. பொய் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் பொருளாதாரப் பேராசிரியர் கவகாமி ஹாஜிமே ஒருவர். 1916-இல் ஒசாகா அசாஹி நாளிதழில் பிம்போவைப் பற்றியே ஒரு தொடர் எழுதி, நாகரிக நாடுகளில் இவ்வளவு பேர் ஏழைகளாக இருப்பது எப்படி என்று கேட்டார். பெரிய பரபரப்பு. தொண்ணூறு ஆண்டு கழித்து, 2006 வாக்கில், அதே பழமொழியை மறுபடி பொய்யாக்கிய சொல் ‘வாகிங்கு புவா’, உழைத்தும் ஏழை. அடுத்த ஆண்டு ‘நெட் கஃபே அகதிகள்’, வாடகை கட்ட முடியாமல் இரவெல்லாம் இன்டர்நெட் மையத்து நாற்காலியில் தூங்கியவர்கள். 2008 உலக நிதி நெருக்கடியில் தொழிற்சாலைகள் ஒப்பந்த ஆட்களைக் கழற்றிவிட்டபோது அவர்களுக்கு வேலையோடு தங்கும் விடுதியும் போனது. அந்த டிசம்பர் 31 முதல் ஜனவரி 5 வரை டோக்கியோ ஹிபியா பூங்காவில் கூடாரம் போட்டுச் சோறு போட்டார்கள், சுமார் 500 பேர் வந்தார்கள். கூடாரம் போதாமல், தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த நல்வாழ்வு, தொழிலாளர் அமைச்சகம் தன் அரங்கத்தைத் திறந்துவிட வேண்டியதாயிற்று.

அந்த முகாமை நடத்திய யுவாசா மக்கொத்தோ இந்த இரண்டு சொற்களையும் பிரித்துப் பேசியவர். பிம்போ என்றால் காசில்லை, அவ்வளவே. ஹின்கோன் என்றால் காசும் இல்லை, தாங்கிக்கொள்ள ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. அவர் இதை ‘தமே’, சேமக் குளம், என்ற சொல்லால் விளக்குவார்: சொந்தம், நண்பர், தன்னம்பிக்கை எல்லாம் சேர்ந்த தேக்கம், அது இருந்தால் மழை பொய்த்தாலும் கொஞ்ச நாள் ஓட்டலாம். முள்ளங்கியை மீன் கேக் என்று தின்றவர்களிடம் காசு இல்லை, ஆனால் பக்கத்து வீடு இருந்தது, கூப்பிட்டுப் பூக்காட்ட வீட்டுக்காரர் இருந்தார். நெட் கஃபே நாற்காலியில் இருப்பவனுக்கு அது இல்லை. பிம்போ சிரிப்புக்குக் கூட்டம் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

அரசாங்கமும் ஹின்கோன் என்ற சொல்லைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள வெகுநாள் தயங்கியது. நாட்டின் ஏழ்மை விகிதம் என்று ஓர் எண்ணை முதன்முதலாக வெளியிட்டது 2009 அக்டோபரில்தான், 2006-க்கான கணக்கு, 15.7 சதவீதம். 2021-க்கான கணக்கில் 15.4. ஆண்டுக்கு 12.7 லட்சம் யென்னுக்குக் கீழே கையில் வருகிறவர்கள் என்று பொருள். ஒற்றைப் பெற்றோர் குடும்பங்களை மட்டும் எடுத்தால் 44.5 சதவீதம். அந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். உழைக்கிறவரை ஏழ்மை எட்டிப்பிடிக்காது என்று அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

உதவி இல்லையா என்றால் இருக்கிறது. ‘செய்கட்சு ஹோகோ’ என்ற வாழ்வாதார உதவித் திட்டம், அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவில் நலமும் பண்பாடும் உள்ள குறைந்தபட்ச வாழ்க்கை ஒவ்வொரு குடிமகனின் உரிமை என்று எழுதியதன் நடைமுறை வடிவம். பெறுகிறவர்கள் சுமார் 20 லட்சம் பேர். ஏழ்மை விகிதத்தில் வருகிற எல்லாரும் இதற்குத் தகுதி என்று சொல்ல முடியாது, அளவுகோல் வேறு. ஆனாலும் தகுதி இருந்தும் கேட்காதவர்கள் நிறைய. விண்ணப்பித்தால் அலுவலகம் உங்கள் அண்ணனுக்கும் பெற்றோருக்கும் கடிதம் போட்டு, இவரைக் கவனித்துக்கொள்ள முடியுமா என்று கேட்கக்கூடும். அந்தக் கடிதத்துக்குப் பயந்தே பலர் போகமாட்டார்கள். இணையத்தில் உதவி பெறுகிறவர்களுக்கு ‘நமாப்போ’ என்று ஒரு இழிபெயர் வேறு, திட்டத்தின் சுருக்கெழுத்தை வேண்டுமென்றே தப்பாக வாசித்து உண்டாக்கியது. 2020 டிசம்பரில், கொரோனா நடுவில், அமைச்சகமே தன் இணையதளத்தில் "விண்ணப்பிப்பது குடிமக்களின் உரிமை" என்று எழுத நேர்ந்தது. எழுதித்தான் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். ஊரே பிம்போ என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்கிற இடத்தில், நிஜமாகச் சொல்ல வருகிறவனுக்குச் சொல் மிச்சமில்லை. அவனும் பல்குச்சியைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இன்னொரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ‘செய்ஹின்’, தூய ஏழ்மை. துறவி ரியோகான் மாதிரி வேண்டாமென்று விட்டவர்களுக்கு உரியது. நிலம், பங்கு விலைகள் ஊதிப் பெருத்த பொருளாதாரக் குமிழி வெடித்த பிறகு 1992-இல் இதைப் பாராட்டி எழுதிய ஒரு நூல் சக்கைப்போடு போட்டது. வாங்கியவர்கள் தேவைக்கு மேல் வைத்திருந்தவர்கள் என்பது என் சந்தேகம்.

கடைசியாக, எதைப் பேசலாம் என்ற கணக்கு. நண்பர்களோடு சாப்பிடப் போக முடியவில்லை என்றால் ‘கின்கெட்சு’ என்று சொல்லுங்கள், காசுப் பற்றாக்குறை, இளைஞர்கள் சாதாரணமாகச் சொல்வது. அலுவலகத்தில் பிம்போ ஹிமா நாஷி தாராளமாக, உங்களைப் பற்றி மட்டும். பட்ஜெட் இல்லை என்று வாடிக்கையாளர் சொன்னால் இல்லாத கிமோனோக் கையைப் பற்றி அவரே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். ‘மசுஷி’ என்ற உரிச்சொல் எழுத்துக்கு நல்லது, ஆளைச் சுட்டிச் சொன்னால் அவமானம். தூய ஏழ்மையை யாருக்கும் அறிவுரையாகச் சொல்லாதீர்கள். குழந்தைகளுக்கு இலவசமாகவோ மலிவாகவோ சோறு போடும் ‘கொதோமோ ஷோக்குதோ’ இப்போது நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, 2012-இல் டோக்கியோவின் ஓத்தா வட்டாரத்தில் ஒரு காய்கறிக்கடையில் தொடங்கியது. அங்கே தன்னார்வலராகப் போகிற எண்ணம் இருந்தால் ஏழைப் பிள்ளைகளுக்கான இடமா என்று வாசலில் நின்று கேட்டுவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்றுதான் பெரும்பாலும் எழுதி வைத்திருப்பார்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியும் வந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.